கோட்டையில் கூடுவோருக்கு ஒரு திறந்த மடல்

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எதிர்த்துக் கொழும்பு வீதிகளில் இறங்கும் மாணவர் ஒன்றியங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் சிவில் அமைப்புகளுக்கும்,

மதிப்புக்குரிய தோழர்களே,

2022 ஆகஸ்ட் 18 அன்று கொழும்பு ஆர்ப்பாட்டத்தில் கைதான மாணவர் செயற்பாட்டாளர்களான வசந்த முதலிகே, கல்வெவ சிறிதம்ம தேரர், ஹஷாந்த ஜீவந்த ஆகிய மூவரையும் இச்சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்க அப்போதைய ஜனாதிபதி ஒப்பமிட்டபோது நீங்கள் எழுப்பிய குரல் வீண்போகவில்லை. 2023 ஜனவரி இறுதியில் முதலிகேயை அச்சட்டத்தின் கீழான குற்றச்சாட்டுகளிலிருந்து கொழும்பு நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. அவர் வெளியே வந்தார். அவரை உள்ளே தள்ளிய பிரிவுகள் அப்படியே இருந்தன. இம்மடல் அந்தப் பிரிவுகளைப் பற்றியது.

1979இல் மூன்றே ஆண்டுகளுக்கெனக் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட இச்சட்டத்தின் 9ஆம் பிரிவு, நீதிமன்றத்தின் கட்டளை எதுவுமின்றி, அமைச்சர் ஒருவரின் கையொப்பத்தை மட்டும் கொண்டு ஒருவரை மும்மூன்று மாதங்களாக அடைத்து வைக்க இடமளிக்கிறது. அதன் உச்ச எல்லையைப் 18 மாதங்களிலிருந்து 12 ஆகக் குறைத்ததை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் சாதனையாகக் காட்டினார்கள். ஆனால் அதைவிடக் கொடிய 16ஆம் பிரிவை அத்திருத்தம் தொடவே இல்லை. சாதாரண குற்ற வழக்கில் பொலிஸாருக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. இங்கோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட தரத்திலுள்ள அதிகாரி முன்னிலையில் பெறப்பட்டால் செல்லும், அது அடித்து வாங்கியது என்று நிரூபிக்கும் பொறுப்பும் கைதியின் தலையிலேயே விழும். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் நாலாம் மாடியில் மூடிய கதவுக்குப் பின்னால் நடந்ததற்கு அவர் எந்தச் சாட்சியைக் கூட்டி வருவார்? வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் விரல் அடையாளம் வைத்து, அதை மட்டுமே வைத்து நீண்டகாலத் தண்டனை பெற்ற தமிழர் ஒருவரின் வழக்கில், அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு முடிவு செய்தது. அதன் பிறகும் அப்பிரிவு அசையவில்லை.

'குண்டு வைத்தவனையும் விடச் சொல்கிறீர்களா?' என்ற கேள்வி உங்கள் கூட்டங்களிலும் எழுந்திருக்கும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சியோன் தேவாலயத்திலும் மாண்டவர்களில் தமிழர் பலர். குற்றவாளி தப்ப வேண்டுமென்று எங்களில் எவரும் கேட்கவில்லை. அடித்து வாங்கிய வாக்குமூலத்தில் முடியும் விசாரணைதான் உண்மையான சூத்திரதாரியைத் தப்பவிடுகிறது. அத்தாக்குதலுக்குப் பிந்திய கைதுகளின் தொடர்ச்சியாக 2020இல் பிடிக்கப்பட்ட முஸ்லிம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், தமிழில் எழுதிய கவிதைகளுக்காக ஒன்றரை ஆண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். (அந்நாட்களில் தமிழ் அரசியல் மேடைகளும் அவருக்காகப் பெரிதாய் முழங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

ஆட்களின் பெயரை முன்வைத்து நடக்கும் போராட்டத்தில், பெயர் தெரிந்தவருக்குக் கூட்டம் சேரும். கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் தவணைத் திகதியை மட்டும் கேட்டுத் திரும்பும் தாயின் மகனுக்குச் சேராது. 2018 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் உண்ணாவிரதமிருந்த தமிழ் அரசியல் கைதிகளுக்காக அனுராதபுரம் சிறைச்சாலை வரை நடந்தே போனார்கள். தெற்கிலிருந்து எத்தனை பேர் உடன் நடந்தார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள். சேர்ந்து நிற்க முடியாது என்றில்லை. 2022 செப்டெம்பரில் இச்சட்டத்துக்கு எதிராக வடக்கே காங்கேசன்துறையில் தொடங்கிய கையெழுத்து வேட்டை தெற்கே அம்பாந்தோட்டை வரை சென்றது.

சட்டத்தை நீக்கு என்று மட்டும் கேட்பதும் போதாது. 2023 மார்ச்சில் வெளியான மாற்றுச் சட்டமூலம், தடுப்புக் கட்டளையிடும் அதிகாரத்தை அமைச்சரிடமிருந்து எடுத்துப் பிரதிப் பொலிஸ்மா அதிபரிடம் கொடுக்கப் பார்த்தது. எனவே, எந்தப் பெயரில் எந்தச் சட்டம் வந்தாலும், நீதிபதியின் கட்டளையின்றி எவரையும் தடுத்து வைக்கக்கூடாது, பொலிஸாரிடம் அளித்த வாக்குமூலம் சாட்சியமாகக்கூடாது, பழைய வழக்குகளுக்குக் காலக்கெடு விதிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கைகளை அடுத்த கூட்டத்தின் துண்டுப்பிரசுரத்திலேயே அச்சிடுங்கள். கோட்டைப் புகையிரத நிலைய முன்றலில் அவற்றைச் சிங்களத்தில், பிரிவு பிரிவாக விளக்கிப் பேசுங்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் தமிழில் பேசி அங்குள்ளவர்களுக்குப் புரியவைக்க இனி எதுவும் இல்லை.

இங்ஙனம்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தமிழர்