பழைய கேரவன்களும் கிடைக்காத உதிரிபாகங்களும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஏப்ரல் முதல் இவ்வாண்டு மார்ச் வரை, பழைய கேரவன் வைத்திருப்போரின் அமைப்பான நம் சங்கம் ஆற்றிய பணிகளை இப்பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். மாதக் கூட்டங்களும் ஆடிப்பெருக்கை ஒட்டிய குடும்பச் சந்திப்பும் வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே, உறுப்பினர்கள் ஆண்டு முழுவதும் சங்கத்தை நாடி வந்த ஒரே காரணமான உதிரிபாகச் சிக்கலைப் பற்றியே இவ்வறிக்கையில் விரிவாகக் கூற விரும்புகிறேன்.

நம் உறுப்பினர்களின் கேரவன்கள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. திரைப்படப் படப்பிடிப்புக்கு ஓடி ஓய்ந்த பின் வாங்கப்பட்டவை சில. கோயில் பயணத்துக்கென்று குடும்பத்தினரே படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிக்கொண்டவை சில. கரூரில் பாடி கட்டப்பட்டவை சில. இவற்றுள் பெரும்பாலானவை பழைய டெம்போ டிராவலர் அல்லது சுவராஜ் மஸ்டா வண்டியின் சேஸிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் அமைந்தவை. உள்ளே இருக்கும் வீடு எதுவாயினும், கீழே ஓடும் வண்டி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை அறிந்துகொண்டாலே பாதித் தேடல் முடிந்துவிடுகிறது என்பதை இவ்வாண்டு அனுபவம் உறுதிப்படுத்தியது.

டெம்போ டிராவலரை எடுத்துக்கொள்வோம். பஜாஜ் டெம்போ நிறுவனம் 1987இல் வெளியிட்ட இந்த வண்டி, ஜெர்மனியில் 1977 முதல் 1995 வரை தயாரான மெர்சிடிஸ் டி1 வேனை அடிப்படையாகக் கொண்டது. நிறுவனத்தின் பெயர் 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறிவிட்டதால், பழைய பெயரைச் சொல்லிக் கேட்கும்போது இளவயதுக் கடைக்காரர்கள் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பழைய வண்டிகளில் உள்ள ஓஎம்616 என்ற 2.4 லிட்டர் டீசல் எஞ்சின், அதே நிறுவனத்தின் மட்டாடோர் வேனிலும் டிராக்ஸ் ஜீப்பிலும் மெர்சிடிஸ் 240டி காரிலும் இருந்தது. ஆகவே ஹெட் கேஸ்கட், பிஸ்டன் ரிங், வால்வு போன்றவற்றை “பழைய டிராவலர் கேரவனுக்கு” என்று கேட்பதைக் காட்டிலும் டிராக்ஸுக்கு என்று கேட்டால் கடைக்காரர் அலமாரியைத் திறக்கிறார். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மட்டாடோர் முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி, டிராவலர் அப்படியல்ல. எஞ்சினின் உட்பாகங்கள் ஒத்துப்போகின்றன என்பதற்காகக் கியர்பாக்ஸ் பக்கத்துப் பாகங்களும் ஒத்துப்போகும் என்று எண்ணிப் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

சுவராஜ் மஸ்டா வைத்திருப்போரின் நிலை சற்று வேறு. 1980களில் டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஐச்சர் மிட்சுபிஷி, சுவராஜ் மஸ்டா என நான்கு ஜப்பானியக் கூட்டு வண்டிகள் நம் சாலைகளுக்கு வந்தன. முதல் இரண்டும் மறைந்துபோயின. சுவராஜ் மஸ்டா நிறுவனம் 2011இல் எஸ்.எம்.எல். இசுசு என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. இதனால் பழைய மஸ்டா எஞ்சினுக்குரிய பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. முன்பக்க விளக்குக் கூண்டு, கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றி இறக்கும் பொறி ஆகியவைதாம் அரிதாகிவிட்டன. ஆல்வின் நிசான் வைத்திருக்கும் நம் உறுப்பினருக்கு இவ்வாண்டும் சங்கத்தால் முழுமையாக உதவ இயலவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, பாகங்களின் எண்களையும் அளவுகளையும் பதிந்து வைக்கும் சங்கத்தின் அளவுப் பேரேடு. பழுதான எந்தப் பாகத்தையும் வண்டியின் பெயரால் தேடாமல், அதன் மேல் பொறித்துள்ள எண்ணாலும் அளவாலும் தேட வேண்டும் என்பதே இதன் அடிப்படை. மயிலாடுதுறை உறுப்பினர் ஒருவர் தம் வண்டியின் ஆயில் சீலுக்காக (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையத்துக்காக) சென்னை வரை அலைந்து திரும்பினார். கழற்றிய சீலை மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தபோது, அதன் விளிம்பில் கிரீஸும் வயல் மண்ணும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்ததும் 45 62 8 என்ற எண்கள் தெரிந்தன. உள்விட்டம் 45 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 62, தடிமன் 8 என்பதே அதன் பொருள். மறுநாள் திருவாரூரில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் அதே அளவுள்ள சீல் அவருக்குக் கிடைத்தது. நெல் விளையும் இந்த மாவட்டங்களில் டிராக்டர், பவர் டில்லர், பம்புசெட் கடைகள் இல்லாத ஊரில்லை. நம் தேவைகளில் கணிசமான பங்கு அந்தக் கடைகளிலேயே இருக்கிறது.

பேரிங்கும் அவ்வாறே. 6205 என்று பொறித்த பேரிங் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர்தான். கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால் அவற்றை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் விடாமல் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்: இரண்டு இசட் இருந்தால் தகட்டு மூடி, 2ஆர்எஸ் என்றால் இரப்பர் மூடி, சி3 என்றால் உள்ளே கூடுதல் இடைவெளி. சூடேறும் ஆல்டர்னேட்டரில் சி3 இருந்த இடத்தில் சாதாரண பேரிங்கைப் போட்டால் அது விரைவில் இறுகிவிடும். டீசல் பம்பின் பக்கவாட்டில் உள்ள சிறு தகட்டின் எண்ணும் இத்தகையதே. மைக்கோ நிறுவனம் 2008இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிய பிறகும், அந்தத் தகட்டில் உள்ள எண்ணைச் சொன்னால் டீசல் பம்ப் பட்டறைக்காரர்கள் உரிய எலிமெண்ட்டையும் (டீசலை அழுத்தும் உட்பாகம்) நாசிலையும் (டீசலைத் தெளிக்கும் முனை) சரியாக எடுத்துத் தருகிறார்கள். ஆகவே அந்தத் தகட்டின் மேல் யாரும் பெயின்ட் அடித்துவிட வேண்டாம்.

அடுத்து, ஜன்னல் கொக்கிகள். இதைச் சற்று விரித்துச் சொல்வதற்கு உறுப்பினர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்; இவ்வாண்டு எனக்கு மிகுந்த நிறைவு தந்த பணி இதுவே. மேல்விளிம்பில் கீல் வைத்து வெளிப்புறமாகத் திறக்கும் கேரவன் ஜன்னல்களின் கொக்கிகள் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. வயதாக ஆக அவை பொடிந்து உடைகின்றன. அவற்றைச் செய்தவர்கள் இப்போது எங்கும் இல்லை. நம் உறுப்பினர் ஒருவர் உடைந்த கொக்கியை நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறை ஒன்றுக்கு எடுத்துச் சென்றார். புவிசார் குறியீடு பெற்ற அந்த விளக்குகள் காவிரிப் பகுதியின் வண்டல் மண்ணில் அச்சு எடுத்து வார்க்கப்படுபவை. அந்த மண் மிக நுண்ணியது என்பதால் கொக்கியின் பல் வரிசை கூட அச்சில் அப்படியே பதிந்தது.

ஆயினும் முதலில் வார்த்த கொக்கி ஜன்னலில் பொருந்தவில்லை. பித்தளை ஆறும்போது ஏறத்தாழ 1.5 விழுக்காடு சுருங்கும். 60 மில்லிமீட்டர் நீளமுள்ள கொக்கியில் இது கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். பழைய பாகத்தையே அச்சுக்கு வைத்தால் வருவது எப்போதும் சற்றுச் சிறியதாகவே வரும். இதை அறிந்திருந்த வார்ப்புக்காரர், பழைய கொக்கியின் மேல் மெழுகை மெல்லிய பூச்சாகத் தடவி அளவைக் கூட்டி, மறுபடி அச்செடுத்தார். அந்தக் கொக்கி அரத்தால் லேசாகத் தேய்த்தவுடன் தாழ்ப்பாளில் சொடுக்கென்று விழுந்தது. தலைமுறை தலைமுறையாக விளக்கின் தண்டும் தட்டும் ஒன்றோடொன்று பொருந்த வார்த்துப் பழகிய கைக்கு இது புதிய வேலையே அல்ல.

பொருத்தும் முறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜன்னல் சட்டம் அலுமினியம். பித்தளை நேரடியாக அதைத் தொட்டால், ஈரமும் உப்பும் சேரும்போது அலுமினியம் அரித்துப் போகும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, பூம்புகார் கடற்கரைகளில் வண்டியை நிறுத்தி வைப்போர் கொக்கிக்கும் சட்டத்துக்கும் இடையே நைலான் வாஷரைக் கட்டாயம் வைக்க வேண்டும்.

கண்ணாடிகள் குறித்துச் சுருக்கமாக. பக்கவாட்டில் உள்ள டஃபன்ட் கண்ணாடியை, அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடியை, பதப்படுத்திய பின் வெட்டவோ துளையிடவோ முடியாது. ஆகையால் அட்டையில் அளவு எடுத்து, துளைகளையும் குறித்துக் கொடுத்த பிறகே பதப்படுத்தச் சொல்ல வேண்டும். அக்ரிலிக் ஜன்னல்களைப் பெட்ரோலாலோ ஸ்பிரிட்டாலோ துடைப்பதால்தான் அவற்றில் நுண்ணிய வெடிப்புகள் ஓடுகின்றன. மாற்றுக் கிடைப்பது அரிது என்பதால் சோப்புத் தண்ணீரும் மென்துணியும் போதும்.

உள்வீட்டுச் சாதனங்களில் அதிகம் கேட்கப்பட்டது, கேஸிலும் மின்சாரத்திலும் இயங்கும் பழைய வகைக் குளிர்சாதனப் பெட்டி. அதன் பின்புறத்தில் மஞ்சள் நிறப் பொடி படிந்திருந்தால் உள்ளிருக்கும் அம்மோனியாக் கரைசல் கசிந்துவிட்டது என்று பொருள். அந்தப் பொடி நச்சுத்தன்மை கொண்டது. கையால் தொடக் கூடாது. அத்தகைய பெட்டிக்குப் பாகம் தேடுவதை நிறுத்திவிட்டு, 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் பெட்டிக்கு மாறுமாறு செயற்குழு பரிந்துரைக்கிறது. அடுப்பில் கேஸ் வெளிவரும் முனையான பழைய பர்னர் ஜெட்டின் துளையைப் பெரிதாக்கித் தரும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. படுத்து உறங்கும் வண்டிக்குள் அது உயிராபத்து. கேஸ் டியூபைப் பொறுத்தவரை ஐ.எஸ். 9573 முத்திரை உள்ளதையே வாங்கி, ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டும்.

இங்கேதான் சங்கம் இவ்வாண்டு எடுத்த முக்கிய முடிவைக் குறிப்பிட வேண்டும். கொக்கி, கீல், கைப்பிடி, அலமாரிப் பூட்டு, பீடிங் போன்றவற்றை உள்ளூரில் நகலெடுப்பதைச் சங்கம் ஊக்குவிக்கும். பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றைச் சேர்ந்த எந்தப் பாகத்தையும் லேத்தில் கடைந்தோ வார்த்தோ பயன்படுத்துவதற்குச் சங்கம் உதவாது. வெளியூர்க் கடை ஒன்றில் புதிய அட்டைப் பெட்டியில் வந்த வீல் சிலிண்டரை (சக்கரத்தில் பிரேக்கை இயக்கும் பாகத்தை) ஒரு உறுப்பினர் நம்பி வாங்கினார். சில வாரங்களில் அதன் இரப்பர் கப் உப்பிப்போய், பிரேக் பிடித்தபடியே நின்றுவிட்டது. நல்வேளையாக வண்டி அப்போது வயல் ஓரச் சாலையில் மெதுவாகச் சென்றுகொண்டிருந்தது. வீல் சிலிண்டரின் உடலில் 22.22 அல்லது 25.40 என்பது போன்ற துளை அளவு மில்லிமீட்டரில் வார்க்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டு அறியப்பட்ட நிறுவனத்தின் பாகத்தையே தேடி வாங்க வேண்டும். கிடைக்கும் வரை வண்டி கொட்டகையில் நிற்கட்டும்.

சென்னைப் புதுப்பேட்டைச் சந்தையிலிருந்து பழைய பாகங்கள் வாங்குவோர் பில் இல்லாமல் வாங்க வேண்டாம் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். முழு எஞ்சின் வாங்கினால், அது எந்த வண்டியிலிருந்து இறக்கப்பட்டதோ அதன் ஆவணங்களின் நகலும் தேவை. எஞ்சின் எண்ணை நம் ஆர்.சி. புத்தகத்தில் திருத்தாமல் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணாகும். சொந்த உபயோக இலகுரக வண்டிகளுக்கு 15 ஆண்டுகளுக்குப் பின் எடுக்கும் மறுபதிவின் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. விளக்கோ வைப்பரோ கிடைக்காத ஒரே காரணத்தால் ஆய்வில் வண்டி திருப்பி அனுப்பப்படுவது மனத்துக்கும் பணத்துக்கும் இழப்பு. மறுபதிவு நெருங்கும் உறுப்பினர்கள் ஆறு மாதத்துக்கு முன்பே தங்கள் தேவையைச் சங்கத்துக்கு எழுதித் தர வேண்டும்.

கும்பகோணத்தில் நம் உறுப்பினர்களுக்கு நெடுங்காலம் வேலை செய்து தந்த லேத் பட்டறை ஒன்று, உரிமையாளரின் முதுமையால் இவ்வாண்டு மூடப்பட்டது. அவரிடமிருந்த மரப் பேட்டர்ன்களையும் (வார்ப்புக்கான மர மாதிரிகளையும்) அளவுக் குறிப்புகளையும் பழைய இரும்புக் கடைக்குப் போகவிடாமல் சங்கம் விலைகொடுத்து வாங்கிப் பாதுகாத்து வருகிறது. தாம் கடைந்த ஒவ்வொரு பாகத்தின் அளவையும் வண்டியின் பெயரோடு எழுதிவைத்திருந்த அப்பெரியவருக்கு இப்பொதுக்குழு நன்றி தெரிவிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வரும் ஆண்டுக்கு மூன்று முன்மொழிவுகளை ஒப்புதலுக்கு வைக்கிறேன். அளவுப் பேரேட்டின் பிரதி ஒன்று தஞ்சாவூரிலும் மற்றொன்று நாகப்பட்டினத்திலும் வைக்கப்பட வேண்டும். உறுப்பினர்கள் வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பாகங்களின் பட்டியலை மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதத்துக்குள் தர வேண்டும். பாகத்தைக் கொடுக்க விருப்பமில்லாதவர்கள் அதை அளந்துகொள்ளவாவது இசைய வேண்டும். நாச்சியார்கோயிலில் கதவுக் கைப்பிடிகளும் வார்ப்பதற்கு உரிய தொகையைச் சங்க நிதியிலிருந்து முன்பணமாக வழங்கப் பொருளாளருக்கு அதிகாரம் அளிக்க வேண்டும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்