பனையோலைக் கைப்பணியாளர் சங்கம்: 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. நல்லூர்த் திருவிழாக் கால விற்பனையும் திருப்தியாகவே இருந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சாயத் தண்ணீர் விடயத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குருத்தோலையைச் சாயத்தில் அவித்தெடுத்தபின் பானையில் மிஞ்சுவதை இவ்வளவு காலமும் வேலியோரத்தில் ஊற்றிவந்தோம். யாழ்ப்பாணத்தில் நமக்கு வற்றாத ஆறில்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் கிணற்று நீர்தான். காலுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். மேலே ஊற்றியது கீழே போக அதிக நாள் எடுக்காது. சுன்னாகப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்த நாட்களில், தண்ணீர்ப் பவுசருக்காக வாளியோடு நின்றவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள்.

ஆகவே, சாயத்தைப் பிடிக்கும் கரி செய்ய, பனங்கிழங்குப் பாத்தி கிண்டியபின் குவிந்துகிடக்கும் ஊமலை, அதாவது பனங்கொட்டை ஓட்டைக் கையில் எடுத்தோம். தகரப் பீப்பாவில் அடைத்து, வெளியே நெருப்பு மூட்டிச் சுட்டோம். முதல்முறை மூடி சரியாகப் பொருந்தவில்லை; விடியத் திறந்தால் எல்லாம் சாம்பல். அடுத்தமுறை, புகை போக ஒரு சிறு துளை மட்டும் விட்டு, களிமண் பூசி அடைத்தோம். கரி முழுசாக வந்தது.

அதை இடித்து அரித்து, சித்திரிக்கமில (எலுமிச்சைப் புளிப்பில் உள்ள அமிலம்) கரைசலில் ஊறவைத்து, சூடாக்கி, கழுவிக் காயவைத்தோம். இரசாயனவியல் படிக்கும் அங்கத்தவர் மகள் ஒருவர் காரணம் சொன்னார்: நாம் பாவிக்கும் ஊதாவும் பச்சையும் நேர் மின்னேற்றம் கொண்ட சாயங்கள். அமிலம் பட்ட கரியின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் கூடும். சாயம் போய் ஒட்டிக்கொள்ளும். புறத்துறிஞ்சல் என்பது இதுதான். அந்தப் பிள்ளை ஊதா நீரை இரண்டு போத்தல்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் கரித்தூள் போட்டுக் குலுக்கிவைத்தார். மறுநாள் துணியில் வடித்தபின், அந்தப் போத்தலுக்குப் பின்னால் பிடித்த நாட்காட்டியின் இலக்கங்களை எங்கள் பெரியம்மா ஒருவர் கண்ணாடி போடாமலே வாசித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பருத்திப் புடவைக்குச் சாயம் போடுவோர் கவனிக்கவும். அந்தச் சாயங்கள் பெரும்பாலும் எதிரேற்றம் கொண்டவை. இந்தக் கரியில் இலேசில் ஒட்டா. இரும்புக் குளோரைட்டில் ஊறவைத்த கரி அதற்குப் பொருந்தும். அதை இனித்தான் செய்துபார்க்க வேண்டும்.

வடித்த நீர் குடிநீரல்ல. நிறம் போனாலும் கரைந்த உப்புப் போகாது. அதை அடுத்த சாயப் பானைக்கே ஊற்றுகிறோம்.

சாயம் ஏறிய கரியை ஒருவர் கத்தரிப் பாத்திக்குப் பசளையாகக் கேட்டார். கொடுக்கவில்லை, பிடித்த சாயத்தை அது மண்ணில் திரும்ப விடக்கூடும். இப்போதைக்கு மூடிய பீப்பாவில் கிடக்கிறது. அதை என்ன செய்வதென்று இன்றைய கூட்டத்திலேயே தீர்மானிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்