ஆல்மண்டுக்கு ஆல்மண்டை ஜோடி போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலங்காரப் புறாக்களின் நிறங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். பழுப்பில் கரும்புள்ளிகள் சிதறிய ஆல்மண்ட் நிறக் குஞ்சுகள் வேண்டுவோர் ஆணும் பெட்டையும் ஆல்மண்டாகவே பார்த்து ஜோடி போட வேண்டும் என்று அதில் சொல்லியிருப்பது தவறு. பார்வையில்லாத குஞ்சுகள் பிறப்பதற்கு அதுவே வழி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரி இதே யோசனையைச் சொல்லி விற்ற ஜோடியை நானும் வாங்கினேன். முதலில் பொரித்த இரண்டு குஞ்சுகளில் ஒன்று நன்றாக வளர்ந்தது. மற்றொன்றுக்குக் கண் திறக்க வேண்டிய நாளில் இரு கண்களும் நீர் கோத்ததுபோல் உப்பி நின்றன. இறகு முளைத்தபோது உடல் ஏறக்குறைய வெள்ளையாக இருந்தது. தாய் தந்தை ஊட்டிய வரை தேறிய அந்தக் குஞ்சுக்குத் தானாக இரை பொறுக்கத் தெரியவில்லை. கம்புத் தானியம் ஓரிடத்தில் கிடக்க, அது வெறும் பலகையைக் கொத்திக்கொண்டிருந்தது. ஐந்தாவது வாரத்தில் இறந்துபோனது.

ஆல்மண்ட் மரபணு பாலினத்தைத் தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில் இருக்கிறது. பறவைகளில் ஆணுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்றே என்பதால், பெட்டைக்கு அந்த மரபணு இரட்டையாக வர வழியில்லை. ஆணுக்கு ஒன்று மட்டும் வந்தால், மஞ்சள் கலந்த பழுப்பில் கரும்புள்ளிகள் சிதறி, ஒவ்வொரு முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போதும் கருமை கூடிவரும் அந்த அழகு கிடைக்கிறது. இரண்டும் வந்தால் நிறம் வெளிறும், கண் கெடும், பல குஞ்சுகள் பிழைப்பதேயில்லை. ஆல்மண்டை ஆல்மண்டோடு சேர்த்தால் ஆண் குஞ்சுகளில் சராசரியாகப் பாதிக்கு இந்தக் கதிதான். யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நிறமுள்ள புறாக்களில் ஒரு மரபணுப் பகுதி பல பிரதிகளாகப் பெருகியிருப்பதைக் காட்டியது.

ஆல்மண்ட் பெட்டைக்கு வேறு நிற ஆணைச் சேர்த்தால் ஆண் குஞ்சுகள் யாவும் ஆல்மண்டாகவும் பெட்டைகள் வேறு நிறமாகவும் பிறக்கும். ஆணா பெட்டையா என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் நம்மவர்களுக்கு இது கூடுதல் நன்மை. வெண்கலப் பளபளப்புள்ள கருநிற ‘கைட்’ புறாக்களையே ஆல்மண்டுக்கு ஜோடியாக்கும் வழக்கம் இங்கிலாந்தின் டம்ப்ளர் (கரணப் புறா) வளர்ப்பாளர்களிடம் நெடுங்காலமாக உண்டு.

கட்டுரையை நம்பி ஜோடி போட்டிருப்பவர்கள், அவை முட்டையிடும் முன் பிரித்துவிட இன்னும் நேரமிருக்கிறது. ஆகவே திருத்தத்தை வரும் ஞாயிறன்றே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புறா வளர்ப்பவர் ஒருவர்,
மதுரை.