கறை படிந்த பிரதிக்கு ஏன் அதிக விலை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற விலைப்பட்டியலில் ரேஸி நேனியின் ஸெகெட் நகரச் சமையல் நூலில் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று சுத்தமானது, அட்டை நலுங்காதது. மற்றொன்றின் முதுகுப்பட்டை உரிந்திருந்தது. பாதிப் பக்கங்களில் கொழுப்புக் கறை. இரண்டாவதற்கே கூடுதல் விலை போட்டிருந்தோம். அச்சுப்பிழையா என்று பலர் எழுதிக் கேட்டீர்கள். பிழை இல்லை. புதிய பட்டியலிலும் இப்படித்தான் இருக்கப்போகிறது என்பதால், பழைய ஹங்கேரியச் சமையல் நூல்களை நாங்கள் எப்படிச் சேகரிக்கிறோம், எப்படிப் பதிவு செய்கிறோம் என்று சொல்லிவிடுவது முறை.

டோலெஷ்கோ தெரேஸ் என்பவர் ‘ரேஸி நேனி’, அதாவது ரேஸி அத்தை, என்ற பெயரில் 1876இல் வெளியிட்ட நூல் அது. பல பதிப்புகள் கண்டது. அச்சான பகுதி மட்டும் வேண்டுமென்றால் நூலகத்தில் படித்துவிடலாம். ஆனால் எங்களிடமிருந்த அந்தக் கறைப் பிரதியின் கடைசி வெற்றுத்தாள்களில், பன்றி அறுக்கும் குளிர்கால நாளில் எந்தக் குடல்கறிக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு பூண்டு என்று ஒரு வீட்டுப் பெண்மணி எழுதி வைத்திருக்கிறார். கசகசாவும் அக்ரூட்டும் வைத்துச் சுருட்டும் கிறிஸ்துமஸ் இனிப்பு ரொட்டியான பெய்க்லிக்கு எதிரே, அச்சிலிருந்த அளவை அடித்துவிட்டுத் தன் அளவைப் போட்டிருக்கிறார். வேறு எந்தப் பிரதியிலும் இது கிடைக்காது. ஒரு நாவலில் யாரோ அடிக்கோடிட்டிருந்தால் விலை குறையும். சமையல் நூலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அடுப்படிக்கே போகாத சமையல் நூலை நாங்கள் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம்.

ஆகவே எங்கள் பதிவேட்டில் நூலுக்கு ஒரு பதிவு, பிரதிக்கு ஒரு பதிவு என்று இரண்டு உண்டு. நூலைப் பற்றிய பதிவுக்கு முன்னோர் வழி போட்டிருக்கிறார்கள். 1711 வரையிலான ஹங்கேரிய அச்சு நூல்களுக்கு ஸபோ காரோயின் பட்டியல் இருக்கிறது. 1712 முதல் 1860 வரை பெத்ரிக் கேஸாவின் தொகுதிகள் இருக்கின்றன. புடாபெஸ்டின் ஸேசேனி தேசிய நூலகத்தின் பட்டியலோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். நேரத்தை விழுங்குவது பிரதியைப் பற்றிய பதிவுதான். பட்டியல் தாமதமாவதற்கும் அதுவே காரணம்.

முதல் சிக்கல் ஆண்டு. சமையல் நூலில் முதலில் கிழிந்து போவது தலைப்புப் பக்கம். மாவுக் கையோடு திறக்கப்படும் புத்தகத்துக்கு வேறென்ன கதி? தலைப்புப் பக்கம் தப்பியிருந்தாலும் பல பதிப்பாளர்கள் ஆண்டைப் போடுவதே இல்லை. பழைய பதிப்பு என்று தெரிந்தால் விலை போகாதே! அதனால் உள்ளே இருக்கும் தடயங்களை வைத்துத்தான் கணிக்க வேண்டியிருக்கிறது.

வெளியீட்டு இடம் வெறும் ‘பெஸ்ட்’ என்றிருந்தால் நூல் பெரும்பாலும் 1873க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் பெஸ்ட், புடா, ஓபுடா மூன்றும் சேர்ந்து புடாபெஸ்ட் ஆயின. அட்டையில் விலை அச்சாகியிருந்தால் இன்னும் நல்லது. ஃபோரிந்த்தும் கிரைட்சாரும் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு. கொரோனா என்றால் (நோயல்ல, நாணயம்) 1892க்குப் பிறகு. பெங்கோ என்றால் 1927 முதல் 1946 வரை. மறுபடியும் ஃபோரிந்த் என்றால் 1946 ஆகஸ்டுக்குப் பிந்தையது. பழைய ஃபோரிந்த்தையும் புதிய ஃபோரிந்த்தையும் குழப்பிக்கொண்டு, பாட்டி காலத்துப் புத்தகம் என்று கடைக்குக் கொண்டுவருவோர் உண்டு. காகிதத்தைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

அளவுகளும் பேசும். ஹங்கேரியில் மெட்ரிக் முறை 1876 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எடைக்கு ஃபோந்த், லோத். நீர்ப்பொருளுக்கு இட்ஸே, மெஸெய். வியன்னாக் கணக்கில் ஒரு ஃபோந்த் 32 லோத், ஏறத்தாழ 560 கிராம். ஒரு லோத் பதினேழரை கிராம். ஆனால் அச்சகங்கள் பழைய பக்கங்களை அப்படியே மறுபடி அச்சிட்டதும் உண்டு. சமையல்காரர்களும் சட்டம் வந்த மறுநாளே மனம் மாறிவிடவில்லை. எனவே லோத் இருந்தாலே 1876க்கு முந்தையது என்று நாங்கள் எழுதுவதில்லை. புதிய பட்டியலில் ட்ஸிஃப்ராய் இஷ்த்வானின் பெயரிலுள்ள சமையல் நூல் ஒன்று வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திரும்பத் திரும்ப அச்சான நூல் அது. எங்கள் பிரதியில் ஒவ்வொரு லோத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ‘டெகா’ கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. பத்து கிராம் ஒரு டெகா. ஹங்கேரியக் கடைகளில் இன்றும் பன்றிக்கறியையும் பாலாடைக்கட்டியையும் டெகாவில்தான் கேட்பார்கள். பாட்டியின் புத்தகத்தைப் பேத்தி தன் தராசுக்கு மாற்றிக்கொண்டாள் என்று ஊகிக்கிறோம். பட்டியலில் அது ஊகம் என்றே குறித்திருக்கிறோம்.

எழுத்துக்கூட்டலும் உதவும். சர்க்கரை, எலுமிச்சை என்று பல சொற்களில் ‘ட்ஸ்’ ஒலிக்கு அந்தக் காலத்தில் இரண்டு எழுத்துகள் (cz) எழுதினார்கள். 1903இல் பள்ளிகளுக்கான விதி அதை ஒற்றை எழுத்தாக்கியது (c). ஹங்கேரிய அறிவியல் கழகம் 1922இல்தான் இறங்கி வந்தது. அந்த இடைக்கால நூல்களில் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாகவும் பார்க்கலாம்.

கையெழுத்துக் குறிப்பேடுகளுக்கு எங்களுக்குப் பிடித்த அளவுகோல் பல அடுக்குகள் கொண்ட டோபோஷ் கேக். டோபோஷ் யோஷெஃப் அதை உலகுக்குக் காட்டியது 1885இல் புடாபெஸ்டில் நடந்த தேசியக் கண்காட்சியில். செய்முறையை நெடுங்காலம் கைக்குள்ளேயே வைத்திருந்து, 1906இல்தான் இனிப்புத் தயாரிப்பாளர்களின் சங்கத்துக்குக் கொடுத்தார். அதற்குள் ஊரெல்லாம் ஆளுக்கொரு போலியைச் செய்து பார்த்திருந்தார்கள். ஆகவே ஒரு குறிப்பேட்டில் அந்தக் கேக் இருந்தால் அந்தப் பக்கம் 1885க்கு முந்தையதாக இருக்க முடியாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: டோபோஷின் ஹங்கேரிய–பிரெஞ்சுச் சமையல் நூல் 1881இல் வந்தது. கேக்குக்காக அதை வாங்க வேண்டாம். கேக் பிறப்பதற்கு முன் எழுதிய நூல் அது.

பெயர்களைப் பற்றி. ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள். நாங்களும் அப்படியே எழுதுகிறோம், மாற்றித் தேடாதீர்கள். மனவருத்தம் தருவது, மணமான பெண்கள் கணவரின் பெயரோடு ‘னே’ சேர்த்துத் தலைப்புப் பக்கத்தில் நிற்பது. ரோஸன்ஃபெல்ட் மார்த்தொன்னே என்றால் ரோஸன்ஃபெல்ட் மார்த்தோனின் மனைவி. 1920களில் யூத இல்லத்தரசிகளுக்காக ஒரு முழுச் சமையல் நூலை எழுதியவர் பட்டியல்களில் தம் கணவரின் பெயருக்குள் ஒளிந்திருக்கிறார். அப்பெண்களின் சொந்தப் பெயர் உறுதியாகத் தெரியும் இடங்களில் அதையும் சேர்த்துத் தனிப் பதிவு போடத் தொடங்கியிருக்கிறோம்.

ஊர்ப்பெயர் இன்னொரு தலைவலி. 1920இல் ட்ரியானோன் உடன்படிக்கை எல்லைகளை மாற்றியதும், ஹங்கேரிய மொழியில் சமையல் நூல் அச்சிட்டுவந்த பல ஊர்கள் வேறு நாடுகளுக்குப் போய்விட்டன. கொலோஷ்வார் இன்று ருமேனியாவின் க்ளுஜ். போஜோன் இன்று ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா. ஸபாட்கா இன்று செர்பியாவின் சுபோடிட்ஸா. தலைப்புப் பக்கத்தில் உள்ள பெயர் முதலில், இன்றைய பெயர் அடுத்து. இதில் எந்த அரசியலும் இல்லை. இரண்டு தரப்பிலிருந்தும் எங்களுக்குக் கடிதம் வருகிறது என்பதால் சொல்கிறோம்.

அந்தக் கொலோஷ்வாரில்தான் 1695இல் ஹங்கேரிய மொழியின் முதல் அச்சுச் சமையல் நூல் வந்தது. அச்சிட்டவர் மிஸ்டோட்ஃபலுஷி கிஷ் மிக்லோஷ். ஆம்ஸ்டர்டாமில் எழுத்து வெட்டும் தொழிலில் பெயர் வாங்கி, அங்கே 1685இல் ஹங்கேரிய பைபிளை அச்சிட்டுவிட்டு ஊர் திரும்பியவர். அந்தச் சமையல் நூலின் மூலப் பிரதி எங்களிடம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இல்லை, வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. கடைக்கு வருபவை எல்லாம் மறுபதிப்புகள். படிக்க மட்டும் வேண்டுமென்றால் ஹங்கேரிய மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நாங்கள் விற்கும் மறுபதிப்பை வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. அந்த நூலில் பாப்ரிகா என்ற மிளகாய்த்தூளைத் தேடாதீர்கள். குங்குமப்பூ, இஞ்சி, மிளகு, வினிகர், தேன் என்று போகும் சமையல் அது. இன்று ஹங்கேரியின் அடையாளமாகிவிட்ட சிவப்புத் தூள் அச்சுச் சமையல் நூல்களில் ஊன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். ‘முந்நூறு ஆண்டுப் பழமையான பாப்ரிகாச் செய்முறை’ என்று யாராவது விற்றால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

ஹங்கேரிய நூல் என்றால் ஹங்கேரிய மொழி நூல் மட்டும்தானா என்ற கேள்விக்கு எங்கள் முடிவு: அந்த மண்ணில் அச்சான எல்லாம் சேரும். பெஸ்டில் 1854இல் எபிரேய எழுத்தில் ஜெர்மன் மொழியில் வந்த யூதச் சமையல் நூலும் எங்கள் பதிவேட்டில் இடம்பெறும். தன்னை ஹங்கேரியர் என்று சொல்லிக்கொண்ட சமையல்காரர் மார்க்ஸ் ரும்போல்ட் 1581இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளியிட்ட பெரிய ஜெர்மன் நூல் சேராது. அதன் மறுபதிப்பைத் தனித் தலைப்பில் வைத்திருக்கிறோம்.

விற்க விரும்புவோருக்குச் சுருக்கமாக. ஹோர்வாத் இலோனாவின் சமையல் நூல் 1950களிலிருந்து வீடுதோறும் புகுந்தது. பிற்காலப் பதிப்புகளை நாங்கள் வாங்குவதில்லை. குண்டெல் காரோயின் சிறுநூலின் பிறமொழிப் பதிப்புகளும் அப்படியே. ஆனால் பேக்கிங் பவுடர் நிறுவனங்கள் இலவசமாகக் கொடுத்த மெல்லிய செய்முறைக் கையேடுகள், போர்க்காலப் பஞ்சச் சமையல் வெளியீடுகள், எந்தக் கையெழுத்துக் குறிப்பேடு ஆனாலும் தயவுசெய்து தூக்கி எறியாமல் எங்களிடம் காட்டுங்கள். காட்டுவதற்கு முன் செல்லோடேப் ஒட்டாதீர்கள், கறையைத் துடைக்காதீர்கள். கந்தல் துணியில் செய்த 1695இன் காகிதம் தாங்கும். மரக்கூழில் செய்த 1890களின் காகிதம் விரல் பட்டாலே உடையும்.

நாங்களும் எதையும் துடைத்து, வெளுத்து விற்பதில்லை. பிரிந்த தாள்களை அமிலமில்லாத உறையில் வைத்து அப்படியே அனுப்புகிறோம். கையெழுத்துள்ள ஒவ்வொரு பக்கத்தின் படமும் கேட்டால் முன்கூட்டியே கிடைக்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட நூல்களை ஹங்கேரிக்கு வெளியே அனுப்ப அனுமதி தேவைப்படலாம். அது கைக்கு வரும்வரை பணம் கேட்க மாட்டோம், பிரதி உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டிருக்கும். சுத்தமான ரேஸி நேனி இன்னும் விற்கவில்லை. வேண்டுவோர் எழுதலாம்.

அன்புடன்,
கடையினர்