முடிச்சூரா, நாகையா? மனை பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியிருப்பது என்ற பேச்சு டெல்டாவிலிருந்து சென்னை போன குடும்பங்களில் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. தாம்பரம், முடிச்சூர், மேடவாக்கம் பக்கம் அரை கிரவுண்டு வாங்கிக் கட்டுவதா, நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி என்று கடலோர ஊருக்குத் திரும்பிவிடுவதா? நாளிதழ்களின் வீடு, மனைப் பக்கங்கள் இதைச் சதுர அடி விலை, பஸ், பள்ளிக்கூடம், 'நல்ல காற்றோட்டம்' என்ற அளவில் ஒப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. வீடு கட்டிய பிறகு வருஷா வருஷம் காசைத் தின்னப்போவது தண்ணீரும் உப்பும்தான். இவை ஊருக்கு ஊர் மாறுவதைவிட ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு அதிகம் மாறும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் கடலோரம். அலை உடையும் இடத்திலிருந்து முதல் சில நூறு மீட்டரில்தான் காற்றில் வரும் உப்பு அடர்த்தியாகப் படிகிறது. ஒரு கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டால் பெருமளவு குறைந்துவிடும். நடுவில் சவுக்குத் தோப்போ நெருக்கமான வீடுகளோ இருந்தால் இன்னும் குறையும். அலைச் சத்தம் கேட்கும் தொலைவில் உள்ள பழைய வீடு ஒன்றின் போர்டிகோவில் நின்று அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் வரிசையிலேயே காவி நிறத்தில் ஒரு கோடு, அதை ஒட்டி மயிரிழை விரிசல். கம்பால் தட்டினால் அந்த இடம் மட்டும் பொக்கென்று சத்தம் போடும். இன்னும் இரண்டு மழைக்காலம் போனால் அடிப்பூச்சு பட்டையாகப் பெயர்ந்து, செதில் செதிலாகத் துருவேறிய கம்பி வெளியே தெரியும். இரும்பு துருவாக மாறும்போது பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுகிறது. அது உள்ளிருந்து நெம்பித்தான் கான்கிரீட் பிளக்கிறது. மேலே எத்தனை முறை சிமெண்ட் பூசினாலும் நிற்காததற்குக் காரணம் இதுதான். ரிப்பேர் என்றால் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, சுற்றிலும் துருவைச் சுரண்டி எடுத்து, உப்பு ஏறிய கான்கிரீட்டை முழுதாக நீக்கிவிட்டுத்தான் புதிதாக நிரப்ப வேண்டும்.

இதற்கு மருந்து கட்டும்போதே இருக்கிறது. ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரக் கோட்பாட்டின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடலோரச் சூழலைக் 'கடுமை' என்ற வகையில் வைக்கிறது. எம்30 வலிமைத் தரக் கான்கிரீட், கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட், தண்ணீர் சிமெண்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகக் கூடாது, கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம். உள்நாட்டில் வெயில் மழை நேரே படாத இடத்துக்கு எம்20-ம் 20 மி.மீ. கவரும் போதும் என்று அதே கோட்பாடு சொல்கிறது. அதாவது மதுரைக்குப் போட்ட எஸ்டிமேட்டை நாகூரில் அப்படியே ஓட்ட முடியாது. 0.45 என்பது ஏட்டுக் கணக்கல்ல: 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர், மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து. மிக்சர் பக்கத்தில் ஓஸைத் திறந்துவிட்டு, 'சட்டி வழுக்கிக்கொண்டு போகணும்' என்று ஊற்றும் இடத்தில் இந்தக் கணக்கு செத்துவிடும். இளக்கம் வேண்டுமானால் பிளாஸ்டிசைசர் என்ற இளக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கச் சொல்லுங்கள், தண்ணீரைக் கூட்ட விடாதீர்கள்.

கவர் பிளாக், அதாவது அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கட்டை விஷயத்தில் ஏமாற்று அதிகம். 45 மி.மீ. கட்டை வாங்கி வைத்திருப்பார்கள், நான்கு மூலையில் வைப்பார்கள், நடுவில் கருங்கல் ஜல்லியை முட்டுக் கொடுப்பார்கள். கொட்டும்போது ஆள் ஏறி மிதிப்பார், ஜல்லி நழுவும், 45 என்பது 10 ஆகிவிடும். சன்ஷேடில் இதே மிதி வேறு விதமாகக் கெடுக்கும். அங்கே பளு தாங்கும் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். மிதித்துக் கீழே இறங்கிவிட்டால் அது பேருக்குத்தான் கம்பி. கான்கிரீட் போடும் அன்று வீட்டுக்காரர் கையில் அளவுகோலோடு நிற்பது, பூமி பூஜைக்கு நிற்பதைவிட முக்கியம்.

இன்னொரு தவறான ஆலோசனை: 'கடலோரம் என்றால் சல்பேட் ரெசிஸ்டிங் சிமெண்ட் வாங்குங்கள்'. கம்பியை அரிப்பது குளோரைடு. அந்தச் சிமெண்டில் குளோரைடைக் கட்டிப்போடும் கூறு குறைவு. பி.பி.சி. (சாம்பல் கலந்தது) அல்லது ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு கலந்தது) சிமெண்ட்தான் கடலோரத்துக்கு ஏற்றது. எந்தச் சிமெண்ட் போட்டாலும் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் இருந்தால் துருவை நாமே உள்ளே வைத்துப் பூசுகிறோம் என்று பொருள். மனையில் போட்ட போர்த் தண்ணீரைச் சோதிக்காமல் கலவைக்கும் நனைப்புக்கும் ஊற்றுவது இந்தப் பக்கம் சர்வ சாதாரணம்.

நிலத்தடி நீரைப் பொறுத்தவரை, ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் என்ற எண்ணத்தைக் கடலோரத்தில் மறந்துவிடுங்கள். மணல் நிலத்தில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். மேல்மட்டத்தை உறிஞ்சி 1 மீட்டர் இறக்கினால் அடியிலிருந்து உப்பு அதே கணக்கில் மேலேறும். அதனால்தான் கடலை ஒட்டிய மணல் மேட்டில் அடிபம்பில் இனிப்பாக வரும் தண்ணீர், உள்ளே தள்ளிக் களிமண் பகுதியில் ஆழ்துளையில் கரிக்கிறது. வீடு பார்க்கப் போகும்போது, தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்துச் செல்லுங்கள். மோட்டார் போட்டவுடன் ஒரு அளவு, 2 மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு இன்னொரு அளவு. இரண்டாவது ஏறிக்கொண்டே போனால் உப்பு கீழே காத்திருக்கிறது. மார்கழியில் பார்த்த கணக்கை நம்பாமல் வைகாசியில் ஒருமுறை பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தரத்தின்படி லிட்டருக்கு 500 மி.கி. வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. நகராட்சிக் குழாயில் கொள்ளிடத்துத் தண்ணீர் வரும் தெருவா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் என்பதை அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள்.

பத்திரம் பார்ப்பவர்கள் கடலோரத்தில் கூடுதலாக மூன்று விஷயம் பார்க்க வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை (1991, பிறகு 2011, 2019) உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை பேசுகிறது. கடல் தூரம்தானே என்று நினைப்பவர்கள், அலை ஏறி இறங்கும் ஆற்று முகத்துவாரமும் உப்பனாறும் அதில் அடக்கம் என்பதை விட்டுவிடுகிறார்கள். சர்வே எண்ணை வைத்துக் கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தில் ஒத்துப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். அடுத்தது அடிமனை. நாகை, மயிலாடுதுறைப் பக்கம் கோயில், மடங்களுக்குச் சொந்தமான மனைகள் ஏராளம். கட்டடம் விற்பவருடையது, மண் சாமியுடையது. மூன்று தலைமுறை வரி ரசீது காட்டினாலும் நிலம் கைமாறாது.

மூன்றாவது, கரை அரிப்பு. நம் கிழக்குக் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. துறைமுகத்துக்குக் கல் கொட்டி அலைத்தடுப்பு நீட்டினால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கரை தேயும். சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம், எண்ணூர் பக்கம் கடல் ஏறியதும் இதனால்தான். தரங்கம்பாடியில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. ஆகவே அலைத்தடுப்புக்கு வடக்கே, கடலைப் பார்த்த மனை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

இனி புறநகர். இங்கே உப்பு இல்லை. பழைய ஏரி இருக்கிறது. 2015 டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அரை கிரவுண்டு மனை ஒன்றின் மேல் மட்டும் சுமார் 54,000 லிட்டர். அடையாற்றின் தலைமாட்டில் இருக்கும் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு, தன் தலையில் பெய்த மழையோடு மேலே உள்ள ஏரிகள் வரிசையாக வழிந்து வந்ததும் காரணம். மனை எந்த ஏரியின் கலங்கலுக்கு (உபரி நீர் வழியும் இடம்) கீழே இருக்கிறது என்பதுதான் கேள்வி. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். கிராம வரைபடமும் புலப்படமும் (ஒரு சர்வே எண்ணின் அளவுப் படம்) எடுங்கள். கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் முன்பு நஞ்சையா, புஞ்சையா, நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்று பாருங்கள். நஞ்சை என்றால் ஒருகாலத்தில் மதகிலிருந்து தண்ணீர் தானாக ஓடிவந்து பாய்ந்த தாழ்வான நிலம். மதகு தூர்ந்திருக்கலாம், சரிவு அப்படியேதான் இருக்கும். பழைய நத்தம், ரயில் பாதையை ஒட்டிய மேடு, இவை பெரும்பாலும் தப்பிக்கும். ஊர்ப் பெயரில் ஏரியைக் குறிக்கும் தாங்கல், ஏந்தல் என்று வந்தால் ஒருமுறைக்கு இருமுறை விசாரியுங்கள். வரன்முறைத் திட்டத்தின் வரம்புத் தேதியான 20.10.2016-க்குப் பின் பிரிக்கப்பட்ட அங்கீகாரமில்லாத மனை என்றால் பேச்சையே விடுங்கள்.

வெள்ளக் கறையைப் பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம். மின் மீட்டரையும் மோட்டார் ஸ்டார்ட்டரையும் யாரும் சும்மா தலை உயரத்துக்கு ஏற்றி வைப்பதில்லை. தெருவில் நாலு வீட்டில் அப்படி இருந்தால் உங்களுக்கு வேறு சாட்சி வேண்டாம். சாலை மட்டத்தையும் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டிய பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அதற்கு முன் ஒவ்வொரு தடவையும் மேலே மேலே போட்டதில், வாசலில் மூன்று படி ஏறிய வீடுகள் இன்று ஒரு படி இறங்குகின்றன.

பாதாளச் சாக்கடை வராத பகுதியில் இன்னொரு கணக்கு இடிக்கிறது. கழிவுநீர் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இந்தியத் தரம், அதாவது சுமார் 60 அடி. அரை கிரவுண்டு என்பது 30-க்கு 40 அடி. மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான். உங்கள் மனைக்குள் எப்படி வைத்தாலும் கணக்கு வராது, பக்கத்து வீட்டுக் குழி வேறு சுவரோரம் இருக்கும். அந்த போர்த் தண்ணீர் தெளிவாக வந்தாலும் குடிக்க உதவாது.

லாரித் தண்ணீர் என்றால் சம்ப் அளவு முக்கியம். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் 4 பேருக்கு நாளைக்கு 540, மாதம் 16,200 லிட்டர். 12,000 லிட்டர் லாரி 22 நாள் வரும். 10 அடி நீளம், 8.5 அடி அகலம், 5 அடி ஆழம் உள்ளளவு இருந்தால்தான் முழு லாரியை இறக்க முடியும். பாதி சம்ப் கட்டிவிட்டு மீதியைப் பக்கத்து வீட்டோடு பங்கு போடுவது மே மாதத்தில் நடக்காத காரியம். சம்ப் மூடியின் விளிம்பு தரைக்கு மேல் குறைந்தது ஒன்றரை அடி நிற்கட்டும். இல்லாவிட்டால் முதல் வெள்ளத்திலேயே தெருச் சாக்கடை உள்ளே வந்துவிடும்.

மழை இரண்டு இடத்துக்கும் பொது. இரண்டுமே ஆண்டுக்குச் சராசரியாக 1,300 மி.மீ.க்கு மேல் வாங்குபவை. 1,000 சதுர அடி மொட்டை மாடி, இழப்பு போகச் சுமார் 95,000 லிட்டர் தரும். புயலும் பொதுதான், ஆனால் அடி ஒன்றல்ல. 2018 நவம்பர் 16 கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வேதாரண்யம் பக்கம் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கடலோரம் போகிறவர்கள் இன்வெர்ட்டரை நம்பாமல் கைபம்பு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் மாடித் தொட்டியை நிரப்பி வையுங்கள். 1,000 லிட்டர் நிறைந்தால் ஒரு டன், காலியாக இருந்தால் அது பட்டம்.

எங்கள் கணிப்பைக் கேட்டால்: சென்னையில் வேலையோ, மாதாமாதம் போக வேண்டிய பெரிய ஆஸ்பத்திரியோ இல்லாதவர்கள் கடலோர ஊருக்கே போகலாம், கடலிலிருந்து 2, 3 கிலோமீட்டர் உள்ளே, ஆற்று முகத்துவாரத்தை விட்டு விலகிய பழைய ஊர்ப் பகுதியில். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததையும், ஆறும் கழிமுகமும் தண்ணீரை உள்ளே இழுத்துவந்ததையும் மறந்து மனை வாங்கக் கூடாது. கடலைப் பார்க்க ஆசை என்றால் சாயங்காலம் ஸ்கூட்டரில் போய்விட்டு வரலாம். இதய நோய் உள்ளவர்கள், டயாலிசிஸ் தேவைப்படுபவர்களுக்குப் புறநகர்தான் சரி. அவர்களும் மேடான நத்தம் பார்த்து, சின்ன வீடானாலும் பரவாயில்லை என்று வாங்கட்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். மனை விளம்பரங்களில் 'பேருந்து நிலையத்திலிருந்து 5 நிமிடம்' என்று அச்சாகிறது. அதே இடத்தில் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் இல்லாத விளம்பரத்தை வாங்குவதில்லை என்று ஒரு விதி வைத்தால், படிப்பவர் வீட்டிலிருந்தபடியே புலப்படத்தைத் திறந்து பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவரும், ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவரும்
மயிலாடுதுறை