மே முதல் நவம்பர் வரை

பொள்ளாச்சி,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய நாவல் கட்டு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மூன்றே ராத்திரியில் படித்துவிட்டேன். நீ இருமுவது போனில் கேட்டது. ராத்திரி கண் விழித்து எழுதாதே, வேளைக்குச் சாப்பிடு.

மாப்பிள்ளை காட்டிலிருந்து திரும்பிவிட்டாரா? அம்மா கேட்கச் சொன்னாள். முதலில் அனுப்பிய கட்டில் முன்பக்கத்தில் அவர் பெயர் இருந்தது, இதில் இல்லை. பிரின்ட் எடுக்கும்போது விட்டுப்போயிருக்கும்.

பறவைகளை வரைந்த அமெரிக்க ஓவியன் ஆடுபனையும் அவன் மனைவி லூசியையும் பற்றி நீ எழுதிய நாவல் நன்றாக வந்திருக்கிறது. ஹென்டர்சன் ஊரில் அந்த மரப்பெட்டியைத் திறக்கும் இடத்தை இரண்டு தடவை படித்தேன். ஆடுபன் வரைந்த இருநூறு படங்களையும் எலி குதறி, அதற்குள்ளேயே குட்டி போட்டிருக்கிறது. எனக்கே வயிற்றைப் பிசைந்தது. அதைவிட, தோட்டங்களில் பாடம் சொல்லிக்கொடுத்து லூசி வாங்கிய சம்பளத்துக்குப் பின்னால் அங்கே அடிமைகள் சிந்திய வியர்வை இருந்ததையும், ஆடுபனே அடிமைகளை வாங்கி விற்றவன் என்பதையும் நீ மூடி மறைக்கவில்லை. என் மகள் எழுதியது என்று தெரு முழுக்கச் சொல்லலாம் போலிருந்தது.

அவர்களுடைய ரோஸ் குழந்தை இறந்துபோகும் பக்கங்களை மட்டும் அம்மாவிடம் தராமல் எடுத்து வைத்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். அதை எழுதும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஒரு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. லூசியை ஜன்னலோரம் உட்காரவைத்து அழவிட்டுக்கொண்டே இருக்கிறாய். அழுவதற்கு அவளுக்கு நேரம் ஏது? 1826இல் அவன் லிவர்பூலுக்குக் கப்பலேறிய பிறகு லூசியானாவில் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தை நிறுத்தியவள் அவள். அவன் புத்தகத்தில் 435 பறவைப் படம் அச்சேறியதில் அவள் காசும் இருக்கிறது. அவன் கண்மூடியபின், 1863இல், மூலப் படங்களை நான்காயிரம் டாலருக்கு விற்று வயிறு வளர்க்க வேண்டியிருந்தது. அவளிடம் பாடம் படித்த கிரின்னல் பிற்பாடு 1886இல் பறவைகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். ஆனால் அதற்கு வைத்த பெயர் ஆடுபனுடையது. இதையெல்லாம் நீ எழுத வேண்டும். ராத்திரியில் அல்ல, பகலில் எழுது.

அப்புறம் அந்த 1829 அத்தியாயம். அவன் மே மாதம் நியூயார்க்கில் இறங்குகிறான். லூசியிடம் போய்ச் சேர்ந்தது நவம்பரில். பிரிந்து மூன்றரை வருஷம் ஆகியிருக்கிறது. நீயோ, அந்தக் காலத்துப் பயணம் கஷ்டம், வழி சரியில்லை என்று அவனுக்காக நாலு வரி எழுதியிருக்கிறாய். மிசிசிப்பியில் அப்போதே நீராவிக் கப்பல் ஓடியது, கண்ணு. அவன் நியூஜெர்சியிலும் பென்சில்வேனியாவின் பைன் காட்டிலும் பறவை வரைந்துகொண்டிருந்தான். புத்தகத்துக்குப் படம் வேண்டும் என்று அவளுக்கே எழுதினான். அந்த நாலு வரியையும் அடித்துவிடு. வர முடியாதவன் வேறு, வராதவன் வேறு. வராதவனுக்கு நீ சாக்குத் தேடிக் கொடுக்காதே.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன்.

அந்தச் சித்திரையில் தந்தி வந்ததும், ஜீப் ஆக்சில் உடைந்து நான் நாலு நாள் மலையில் மாட்டிக்கொண்டதும் நம் வீட்டில் எல்லோரும் சொல்லும் கதை. நீயே உன் கல்யாணத்தில் சொன்னாய். ஜீப் உடையவில்லை. ஷெட்டில் நின்றது. டிரைவரும் இருந்தார்.

ஓர் இருவாச்சிப் பறவையின் கூட்டை இரண்டு மாதமாகப் பார்த்துவந்தேன். பெட்டை மரப்பொந்தை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும், ஒரு கீறல்தான் வழி. ஆண் வந்து, தொண்டையிலிருந்து ஒவ்வொரு அத்திப்பழமாக மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் பிடித்து ஊட்டும். ஒரு தடவை இருபத்தேழு பழம் எண்ணி நோட்டில் எழுதினேன். இன்றோ நாளையோ பெட்டை பொந்தை உடைத்து வெளியே வந்துவிடும் என்று இருந்தேன். தந்தி சட்டைப் பையில் இருந்தது. நாலாம் நாள் காலையில் வெளியே வந்தது. பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். ஆஸ்பத்திரியில் அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஜீப் என்று நானாகத்தான் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்குள் என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை.

கட்டை நாளை கூரியரில் போடுகிறேன். நான் பென்சிலில் குறித்ததை ரப்பரால் அழித்துவிடலாம். மாமரத்தில் இந்த வருஷம் நல்ல காய்ப்பு, அம்மா உனக்காக ஆவக்காய் போட்டு வைத்திருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது வந்துவிடலாம், நான் ஸ்டாண்டில் நிற்பேன். இரண்டு பேராக வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி.

அப்பா