சாட்சி மட்டுமா பிறழ்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொலை வழக்கில் விடுதலை என்றதும் ‘சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள்’ என்று பேசி முடித்துவிடுகிறோம். தீர்ப்பை முழுதாகப் படித்தால் பல வழக்குகளில் வேறொன்றும் கண்ணில் படும். கைப்பற்றிய பொருள் காவல் நிலையம், நீதிமன்றம், ஆய்வகம் என்று போய்த் திரும்பிய வழியில் ஒரு தேதியோ, கையெழுத்தோ, சீலோ விட்டுப்போயிருக்கும்.

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில், மரண தண்டனை விதிக்கப்பட்டவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுதலை செய்தது. டிஎன்ஏ மாதிரிகள் யார் கையில், எத்தனை நாள், எந்த நிலையில் இருந்தன என்பது நிரூபிக்கப்படாதது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கவோ மீண்டும் சீல் வைக்கவோ கூடாது. கைமாறிய விவரத்துக்குத் தனிப் பதிவேடு வைத்து அதை வழக்குக் கட்டோடு சேர்க்க வேண்டும் என்று அதே தீர்ப்பு நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. நம் ஊர் வழக்கில் பிறந்த உத்தரவு. நம் ஊரில்தான் முதலில் ஒழுங்காக நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும்.

பொருள் போகும் வழியைப் பாருங்கள். சம்பவ இடத்தில் மகஜர், அதாவது பொருளைக் கைப்பற்றிய விவரக் குறிப்பு, எழுதி இரண்டு பேர் கையெழுத்திடுகிறார்கள். பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும். பிறகு பொருள், அதை நீதிமன்றத்தில் ஒப்படைப்பதற்கான படிவம் 95-உடன் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு வருகிறது. வழக்குப் பொருளை நீதிமன்றத்தில் ‘சொத்து’ என்பார்கள்; அங்கே அதற்குச் சொத்து எண் போடுகிறார்கள். புலன் விசாரணை அதிகாரி வேண்டுகோள் கொடுத்ததும் நடுவரின் கடிதத்தோடு ஒரு காவலர் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு எடுத்துப் போகிறார். கைப்பற்றியது 3-ஆம் தேதி, நீதிமன்றத்துக்கு வந்தது 19-ஆம் தேதி என்றால் நடுவில் பதினாறு நாள் அது எங்கே இருந்தது? குறுக்கு விசாரணையில் இந்த ஒரு கேள்வி போதும். பதில் சொல்ல வேண்டிய நிலைய எழுத்தரும் எடுத்துப்போன காவலரும் சாட்சிப் பட்டியலிலேயே இருப்பதில்லை.

ரத்தக் கறை படிந்த கைலியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுவது இன்னும் தொடர்கிறது. காற்றுப் புகாத ஈரத்தில் பூஞ்சை பிடித்து, ரத்தம் சிதைந்து, ‘ரத்தப் பிரிவு கண்டறிய இயலவில்லை’ என்று அறிக்கை திரும்பி வரும். வெயில் படாமல் நிழலில் நன்றாக உலர்த்தி, சுத்தமான காகித உறையில் வைத்து, அதன் மேல் சீல் வைக்க வேண்டும். இறந்தவரின் சட்டையையும் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) சட்டையையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் ஒன்றின் ரத்தம் இன்னொன்றில் ஒட்டிவிடும். அப்புறம் எந்த ஆய்வகமும் காப்பாற்ற முடியாது. ரத்தம் தோய்ந்த மண், அருகிலேயே எடுத்த சாதாரண மண் இரண்டுக்கும் தனித்தனி டப்பா வேண்டும்.

நீதிமன்றத்திலும் தவறு நடக்கிறது. சா.பொ.1 (சான்றுப் பொருள் 1) என்று அரிவாளைக் குறியீடு செய்கிறார்கள். அதில் கட்டிய சீட்டில் குற்ற எண், நாள், இடம், மகஜர் சாட்சிகளின் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். சில வருடம் கழித்துப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது மை மங்கி, நூல் அறுந்து, சீட்டே கழன்று கிடக்கும். மகஜர் சாட்சி எதைப் பார்த்து ‘இதுதான்’ என்று அடையாளம் சொல்வார்?

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் சாட்சியம் சொல்லும் நாளில் அந்த அரிவாள் பெரும்பாலும் சொத்து அறையிலேயே கிடக்கிறது. ஆயுதத்தை மருத்துவரிடம் காட்டி, இந்தக் காயம் இதனால் ஏற்படக்கூடியதா என்று கேட்பது அரசுத் தரப்பின் கடமை, நீதிமன்றத்தின் கடமையும்கூட என்று உச்ச நீதிமன்றம் 1970-களிலேயே சொல்லிவிட்டது. அரசு வழக்கறிஞர் முதல் நாளே சொத்து எழுத்தருக்கு எழுதிக் கொடுத்தால் பொருள் மேசைக்கு வந்துவிடும். அவர் மறந்தாலும் நீதிபதி கேட்கலாம். சாட்சிய சட்டத்தின் 165-ஆவது பிரிவு தந்த அந்த அதிகாரம் இன்று அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 168-ஆவது பிரிவில் இருக்கிறது.

சிசிடிவி பதிவிலும் இதே கதைதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தப் புதிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு மின்னணுப் பதிவுக்குக் கேட்கும் சான்றிதழில் இரண்டு பகுதி உண்டு: ஒன்றைப் பதிவைத் தாக்கல் செய்பவரும் மற்றதை நிபுணரும் நிரப்ப வேண்டும். பதிவின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணும் எழுத வேண்டும். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ சுருக்கப்பட்டு வருவதால் அதன் ஹாஷ் எண் மூலப் பதிவோடு ஒத்துப்போகாது. வன்தட்டு நிறைந்ததும் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். அதனால் கருவியிலிருந்து நேரடியாக நகல் எடுப்பதை முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும்.

டிஎன்ஏவுக்குச் சொன்ன கைமாற்றுப் பதிவேட்டை எல்லாச் சான்றுப் பொருளுக்கும் விரிவாக்க வேண்டும். அதன் நகலைக் குற்றப் பத்திரிகை நகல்களோடு எதிரிக்கும் கொடுக்க வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பொருளைக் கைப்பற்றிய அன்றே எழுதுவார்கள். சாட்சி விசாரணை தொடங்கும் முன் அரசு வழக்கறிஞரும் சொத்து எழுத்தரும் பொருள்களைப் பதிவேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க மாவட்ட நீதிபதிகள் சுற்றறிக்கை அனுப்பலாம். ஒரு வழக்குக்கு அரை மணி நேரம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தலைமை எழுத்தர்,
மதுரை